பன்றி தோண்டிப் போட்ட கல்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. மேடம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்தப் பட்டப்பெயரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் அப்புறம் என்ன சி.ஐ.டி.? சமூகவியல் துறையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை, கோடை விடுமுறையில் இளங்கலைப் பிள்ளைகளைக் கள ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கொண்டுவந்ததை நம்பாமல் இருப்பதுதான் என்னுடைய முக்கியமான வேலையாக இருந்தது.

இந்தக் கோடையில் முதல்முறையாகப் பிள்ளைகளை வழிநடத்தப் போகிற நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளை அமைப்பது, வீடுகளைத் தேர்ந்தெடுப்பது, கணினியில் ஏற்றுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகப்படுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எனக்குக் கைராசி உண்டு.

ஒரு வருடம் இரண்டு பையன்கள், ஒரு கிராமத்தையே முடித்துவிட்டோம் என்று கத்தையாகத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். படித்துப் பார்த்தேன். ஒருவர்கூட ‘தெரியாது’ என்று சொல்லவில்லை. ஒருவர்கூட ‘வேலை கிடக்கு, பொறவு வா’ என்று விரட்டவில்லை. நம் பக்கத்தில் இப்படி ஒரு கிராமம் இருக்க வழியே இல்லை. விசாரித்தால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போய், படிக்கட்டில் நிழல் பார்த்து உட்கார்ந்து, புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே எல்லா வீட்டுக்கும் அவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை வாக்காளர் பட்டியலில் இருந்து எடுத்திருக்கிறார்கள். செத்துப்போன ஒருவர், பஞ்சாயத்தின் சேவையில் தனக்கு மிகவும் திருப்தி என்று சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டேன். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்பதை அந்தப் பிள்ளையையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியவிடுவதில்லை. தெரிந்தால் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்துவிடுவார்கள். அறிக்கையில்கூட ஊருக்கு ஓர் எழுத்துதான், பெயர் கிடையாது. இன்னொன்று, பிள்ளைகள் போய்வந்த வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நானே பின்னால் போய்ப் பார்ப்பேன். துறைத் தலைவருக்கு இது பிடிக்காது. “பிள்ளைகள நம்புங்க மேடம்” என்பார். நம்புவதற்கு அவர் இருக்கிறார், சந்தேகப்பட ஒருத்தி வேண்டாமா என்று நினைத்துக்கொள்வேன்.

இனி சொல்லப்போவது ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் நடந்தது. இதில் வருகிற ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. வத்திராயிருப்பு போகிற வழியில், கான்சாபுரத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்துக்கொள்ளுங்கள். மாணவியின் பெயரும் அந்த ஊர்ப் பெண்ணின் பெயரும் நான் வைத்தவை. ஏன் இத்தனை மூடு மந்திரம் என்பது போகப்போகத் தெரியும்.

மாணவிக்குப் பானு என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். வாடிக்கையாளர் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் முகம் மாறாமல் மடித்து வைக்கிற வீட்டில் வளர்ந்த பெண். அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அந்தமாதிரி முகங்களைக் கண்டாலே ஆகாது.

அவளுக்குக் கொடுத்த கேள்வி இது: கணவன் ராணுவத்திலோ போலீசிலோ வெளியூரில் வேலை பார்க்கிற விவசாயக் குடும்பங்களில், நிலத்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள்? கூடப் போகவேண்டிய பெண்ணுக்கு, ஊரைச் சொல்வதற்கு முன்பே அம்மை போட்டுவிட்டதால் பானு தனியாகத்தான் போனாள். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ் பிடித்து ஊருக்குப் போய்வந்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வில் இந்த ஆய்வைப் பற்றித்தான் கேட்பார்கள். பதில்களை இட்டுக்கட்டியதாகத் துறை முடிவு செய்தால் பட்டம் வாங்குவதே இழுபறி, எம்.ஏ.வைப் பற்றிப் பேச்சே இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கொண்டுவந்த தாள்களைப் படித்தபோது எனக்கு அந்த மலைக்கோவில் புளியோதரைதான் ஞாபகம் வந்தது. பயிரைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு வீட்டுக்கு வீடு வேறு வேறு பதில். நிலத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஒரே கருத்து என்றால்கூடச் சரி, கணவரைக் கைகாட்டி ஒரே வாக்கியம்: “அவிய சொல்லுததுதான். கேக்காம ஒண்ணும் செய்யுறதில்ல.”

பானுவைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா, தெருவுல எல்லாரும் கோரஸா பாடினாங்களா?”

“இல்ல மேடம். தனித்தனியாத்தான் கேட்டேன்.”

“ஒருத்தர்கூடவா வேற மாதிரி சொல்லலை?”

“சொன்னதைத்தான் மேடம் எழுதியிருக்கேன்.”

“நான் நேர்ல போய்ப் பாக்கப் போறேன்.”

பொய் எழுதிய பிள்ளைகள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே ரோடு சரியில்லை என்பார்கள், அவர்கள் எல்லாம் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள் என்பார்கள். உண்மை எழுதிய பிள்ளை என்றால் அழும், அல்லது கோபப்படும். பானு இரண்டும் செய்யவில்லை.

“போங்க மேடம். ஆனா கேள்வி கேக்குறதுக்கு முன்னால அந்த முதல் பக்கத்தை வாசிச்சுக் காட்டிட்டுக் கேளுங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் பக்கம் என்பது நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. ‘நீங்கள் எழுத வேண்டாம் என்று சொல்வதை எழுத மாட்டோம். உங்கள் ஊரையும் பெயரையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்.’ இதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேட்டியைத் தொடங்க வேண்டும் என்பது விதி. யாரும் படிப்பதில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். என்னுடைய விதியை எனக்கே ஞாபகப்படுத்துகிறாளே, எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணன்கோவிலில் இறங்கியதும் முதல் வேலையாக மினி பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன்.

“அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளையா? டெய்லி வருதுல்லா. ஜன்னலோரம் உக்காந்து என்னத்தையோ படிச்சுக்கிட்டே வரும்” என்றார்.

வந்திருக்கிறாள். சரி. வந்து எங்கே உட்கார்ந்து எழுதினாளோ? கண்மாய்க் கரையில் ஆலமரத்தடி நிழல் நன்றாகத்தான் இருந்தது.

தெருவில் முதல் வீடு பேச்சியம்மாள் வீடு. நாற்பதை ஒட்டிய வயது. கணவர் ராணுவத்தில். முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கல்லூரியில் இருந்து வருகிறேன் என்றதும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை வருடத்தில் என்னை அப்படிச் சோதித்தவர் யாரும் இல்லை. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போய்விட்டது.

“நிலத்தைப் பத்தி இந்த வீட்டுல யாரு முடிவெடுக்குறது?” என்று கேட்டேன்.

“அவிய சொல்லுததுதான். கேக்காம ஒண்ணும் செய்யுறதில்ல.”

எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம். அடுத்த வீட்டுக்குப் போனேன். அதே. அதற்கடுத்த வீட்டில் அடுப்பில் இருந்து தலையைத் திருப்பாமலே அதே. அப்படியானால் பானு பொய் சொல்லவில்லை, தெருதான் பொய் சொல்கிறது. நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். ஆனால் சந்தேகம் என்பது ஆள்மாறிவிடுமே தவிர அடங்காது. ஒரு பெண்ணின் மேல் இருந்தது ஒரு தெருவின் மேல் திரும்பிவிட்டது.

செருப்பில் சேறு ஒட்டியிருந்ததால் கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் பின்பக்கம் கைகாட்டினார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துணி துவைக்க ஒரு கல் கிடந்தது. ஆற்றுக் கல் இல்லை, அம்மிக் கல் இல்லை. நான்கு பக்கமும் சீராக வார்த்த சிமென்ட் கல். ஒரு முனையில் மஞ்சள் பெயின்ட், நடுவில் சிவப்பு வளையம். மனை பிரிக்கிறவர்கள் எல்லைக்கு நடுகிற கல். வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அங்கே துவைக்கும் கல்லும் மஞ்சள், சிவப்பு. அதற்கடுத்த வீட்டில் அதில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள்.

பேச்சியம்மாள் வீட்டுக்கே திரும்பி வந்தேன். அங்கேயும் பின்பக்கம் அதே கல்.

“இந்தக் கல்லு எங்க கெடச்சுது?”

“எந்தக் கல்லு?”

“துணி துவைக்கிறீங்களே, அது.”

“வயக்காட்டுல பன்னி தோண்டிப் போட்டுச்சு டீச்சர். மலை அடிவாரம் பாருங்க, காட்டுப்பன்னித் தொல்லை.”

“தோண்டிட்டு, வீட்டுக்கு வீடு கொண்டாந்தும் போட்டுச்சா?”

அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பிள்ள மொதல்ல ஒண்ணு வாசிக்கும். எல்லா வீட்டுலயும் அத வாசிச்சுட்டுத்தான் வாயத் தொறக்கும். நீங்க அவ டீச்சர்ங்கிய, நீங்க வாசிக்கலையே?”

அந்த முதல் பக்கம் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. நான் எழுதிய இரண்டு வரிதானே, மனப்பாடமாகச் சொன்னேன். எழுத வேண்டாம் என்று சொல்வதை எழுத மாட்டோம், ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டோம்.

“நெசமா?”

“நெசம்தான்.”

“அப்ப அந்தப் பேனாவ உள்ள வைங்க. போனையும் அமத்துங்க.”

இரண்டையும் செய்தேன். செய்த பிறகுதான் என் கையை நானே கட்டிக்கொண்டது புரிந்தது.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் கணவன்மார் லீவில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கியிருக்கிறார்கள். பத்திரம் முடிக்கிற தேதியில் ஊரில் இருக்க முடியாதென்பதால் மனைவி பெயரிலேயே முடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் அது வழக்கம்தான். எல்லா வயலும் ஒரே வாய்க்காலில் வரிசையாக இருப்பவை. மனை விற்கிற ஆள் ஒருவர் பெண்களிடம் பேசவே இல்லை. எங்கெங்கோ பனியிலும் வெயிலிலும் நிற்கிற ஆண்களின் போன் நம்பரை வாங்கி, அவர்களிடமே பேசிச் சம்மதம் வாங்கி, வயலில் எல்லைக் கல்லும் நட்டுவிட்டார்.

“அவிய அங்க இருந்துக்கிட்டு சரின்னுட்டாக. நாத்து நடுறது நாங்க. மொத வயலு போச்சுன்னா வாய்க்கா போச்சு, பொறவு எல்லாருக்கும் தண்ணி ஏது?” என்றார் பேச்சியம்மாள்.

“அதுக்கு என்ன செய்யுறீங்க?”

“ஒண்ணும் செய்யல. அவிய சொல்லுததுக்கெல்லாம் சரி சரிங்கோம். பட்டாவுல பேரு தப்பா இருக்குங்கோம். ஆபீசுல இழுத்தடிக்கான்ங்கோம்.”

“நெசமாவே இழுத்தடிக்காங்களா?”

“நாங்க போனாத்தான இழுத்தடிக்க?”

அப்போதுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது போய்விட்டது.

“போன வருசம் ரெண்டு பேரு, சட்டைய இன் பண்ணிக்கிட்டு, சர்வேன்னு வந்தானுவ. நீங்க கேக்குற இதே கேள்விதான். வீட்டுல யாரு முடிவெடுக்கதுன்னு கேட்டானுவ. கடைசி வீட்டுக்காரி வெள்ளந்தி. ‘நாந்தான், விக்க மாட்டேன்’னுட்டா. அன்னைக்குச் சாயந்தரமே அவ வீட்டுக்காரருக்குப் போன் போயிருச்சு. இப்ப அவ பெறந்த வீட்டுல கெடக்கா. பிள்ளையள இங்க மாமியா வீட்டுல வச்சுக்கிட்டாக.”

கடைசி வீட்டைப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் கோலம் போட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அவளிடம் கேட்கப்பட்டதும் என் பிள்ளைகளிடம் நான் கொடுத்தனுப்பியதும் ஒரே கேள்வி. வெளியே இருந்து பார்த்தால் அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இன் பண்ணின சட்டை, கையில் அட்டை, மரியாதையான பேச்சு. அந்தத் தெரு என்னைச் சந்தேகப்பட்டது முழுக்க முழுக்கச் சரி. நானாக இருந்தால் அடையாள அட்டையோடு ஆதாரையும் கேட்டிருப்பேன்.

“அதுக்குப் பொறவு தெருவுக்கே ஒரே பதில்தான் டீச்சர். யாரு கேட்டாலும்.”

திரும்பி வரும்போது, எனக்காகத்தான் போலிருக்கிறது, கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் பானு நின்றுகொண்டிருந்தாள். பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் வந்தாள்.

“என்ன சொன்னாங்க மேடம்?”

“அவிய சொல்லுததுதான்னு சொன்னாங்க.”

“ஆமா மேடம்” என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு இருந்த தவிப்பைச் சொல்லி முடியாது. இவளிடமும் சொல்லியிருப்பார்களா? அவர்கள் சொல்லாமல் இருந்து, நான் கேட்டுவைத்தால், வாக்குத் தவறியவள் ஆவேன். அவளுக்கும் அதே யோசனை ஓடியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு ரோட்டோரம் நின்றோம்.

“வீட்டுக்கு வீடு துவைக்கிற கல்லு நல்லா இருக்கு” என்றேன் சும்மா.

கடந்து போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டே பானு சொன்னாள்: “அந்தப் பக்கம் பன்னித் தொல்லை ஜாஸ்தி மேடம்.”

அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும்தான்.

அடுத்து ஆய்வுகளை அவையில் வைக்கிற நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், துறைத் தலைவர், முன்வரிசையில் இந்தக் கோடைத் திட்டத்துக்கு உதவித்தொகை தருகிற புரவலர். ராஜபாளையத்துக்காரர். கல்லூரிக்கு நிறையச் செய்பவர், பிள்ளைகளிடம் பிரியமாகப் பேசுபவர். அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. வாசலில் நின்ற காரில் மனை விளம்பரம் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் யோசித்தேன். விளம்பரத்தின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும். மஞ்சள், சிவப்பு எந்தக் கடைப் பலகையில்தான் இல்லை என்று என்னை நானே அதட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பானு பேசினாள். கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாள்: “நிலத்தைப் பற்றிய கேள்விக்கு இந்தத் தெருவில் எனக்கு ஒரே விடை கிடைத்தது. இதுவே முழு விடை என்று நான் கருதவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.”

தேர்வாளர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தனை வீட்டில் ஒரே வாக்கியமா? இது களத்துல கிடைச்சதா, ரூம்ல கிடைச்சதா?”

“களத்துல சார்.”

“அனுமதி இல்லைன்னா என்னம்மா அர்த்தம்? யார் அனுமதி?”

“சொன்னவங்க அனுமதி சார்.”

“எனக்கு இதுல நம்பிக்கை இல்லை” என்று துறைத் தலைவர் பக்கம் திரும்பினார். “போலித் தரவுக்கு உங்க விதி என்ன?”

பானு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அதே மடித்து வைத்த புடவைதான். விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. அவளிடம் இருந்ததை அவிழ்த்துவிட்டால் அந்த நிமிடமே அந்த வருடத்தின் சிறந்த ஆய்வு அவளுடையதுதான். கணவன்மாருக்குத் தெரியாமல் ஒரு தெருவே சேர்ந்து நிலத்தைக் காப்பாற்றுகிற கதையைக் கேட்டால் அந்தத் தேர்வாளர் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். முன்வரிசையில் இருந்தவர் என்ன செய்திருப்பார் என்பதுதான் தெரியாது.

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க பின்னால போய்ப் பாத்தீங்களே?”

எழுந்தேன். அவளைக் காப்பாற்ற எனக்கு ஆசையாக இருந்தது. பேச்சியம்மாள் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“போனேன் சார். வீடு வீடா நானே கேட்டேன். எனக்கும் இதே பதில்தான் சொன்னாங்க, இதே வார்த்தையில. ‘அவிய சொல்லுததுதான். கேக்காம ஒண்ணும் செய்யுறதில்ல.’ அந்தப் பொண்ணு ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டலை. அதுக்கு நான் பொறுப்பு.”

தேர்வாளர் கொஞ்சம் இறங்கினார். “அப்போ அந்தப் பெண்களுக்கு நிலத்து மேல எந்த அதிகாரமும் இல்லைன்னு எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கக் கூடாது சார்” என்றாள் பானு. “ஒரே விடை கிடைச்சதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்.”

அப்போது முன்வரிசையில் இருந்து புரவலர் கேட்டார். குரலில் தேன் வழிந்தது. “நல்லா பேசுதியம்மா. எந்த ஊரு அது? வத்திராயிருப்புப் பக்கமா?”

“ஊர் பேர் சொல்றதில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம் சார்.”

“நமக்குள்ளதானம்மா.”

துறைத் தலைவருக்கு வேர்த்துவிட்டது. உதவித்தொகை தருகிறவரிடம் ஒரு சின்னப் பெண் மாட்டேன் என்கிறாள். என் பக்கம் குனிந்து, “பேருதான மேடம், சொல்லிருங்க” என்றார் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

ஊர்ப்பெயர் தெரிந்தவர்கள் அந்த அரங்கில் இரண்டே பேர். மலைக்கோவில் பையன்களுக்கு அன்று மனதுக்குள் நன்றி சொன்னேன்.

“ஞாபகம் இல்ல சார். மினி பஸ்ல ஏத்திவிட்டாங்க, இறக்கிவிட்டாங்க. வயசாயிருச்சுல்ல” என்றேன்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சி.ஐ.டி. மேடத்துக்கு ஞாபக மறதி என்பதை அங்கே யாரும் நம்பவில்லை. புரவலரும் சிரித்தார். ஆனால் அவர் பார்வை என்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் நல்லவராகவே இருக்கலாம், வெறும் ஆர்வத்தில் கேட்டிருக்கலாம். நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான். சந்தேகப்படுவதற்கு ஆதாரம் வேண்டியதில்லை, வெளியே சொல்வதற்குத்தான் வேண்டும். இது உங்களுக்குப் பிறகு உதவும்.

பானுவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தேர்ச்சி என்று மட்டும் போட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எம்.ஏ. நேர்முகத்தில் அவளிடம் அறிக்கையின் கடைசி வரியைப் பற்றி மட்டுமே கேட்டார்களாம். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். “அனுமதி இல்லைன்னு சொன்னேன் மேடம்” என்றாள். இடம் கிடைத்துவிட்டது.

நீங்கள் கேட்பீர்கள்: அப்படியானால் இப்போது மட்டும் ஏன் எழுதுகிறீர்கள்? நியாயமான சந்தேகம். பேச்சியம்மாளைப் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மனைக்காரர் அலுத்துப்போய் வேறு பக்கம் போய்விட்டார். பேச்சியம்மாளின் கணவர் பணி முடிந்து ஊரோடு வந்துவிட்டார், வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறார். கடைசி வீட்டுக்காரி பிள்ளைகளிடம் வந்துவிட்டாள், இருந்தாலும் கணவனோடு பேச்சு இல்லை.

“வந்த அன்னைக்கே கல்லப் பாத்தாக. ஒண்ணும் கேக்கல. அதுமேல உக்காந்துதான் குளிக்காக” என்றார் பேச்சியம்மாள்.

அந்த மனிதருக்கு எல்லாம் தெரியுமா, எப்போதிருந்து தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

“ஊர் பேரு போடாம எழுதிக்கிடுங்க” என்று சொல்லி, வழியனுப்பும்போது ஆட்டோவில் எனக்கும் ஒரு கல்லை ஏற்றிவிட்டார். டிரைவர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தார். அது இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்குப் பின்பக்கம், குழாயடியில் கிடக்கிறது.

சென்ற மாதம் அந்தப் புரவலர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பழசை எல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை. இட்லி சாப்பிடச் சொன்னேன், மறுக்காமல் சாப்பிட்டார். கை கழுவப் பின்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். ஈரக் கையோடு குனிந்து, கல்லின் மஞ்சள் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க கெடச்சுது மேடம்?”

குழாயை மூடிவிட்டு, துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினேன்.

“பன்னி தோண்டிப் போட்டுச்சு சார்.”